13 டிக்கெட் எடுத்து 9 நாடகம் பார்த்த கதை

போன ஆகஸ்ட்டில் ஸ்காட்லாந்தில் நடக்கும் எடின்பரோ ஃபிரிஞ்ச் நாடக விழாவுக்குத் தனியாகப் போய் வந்தேன். ஐந்து பகல், நான்கு இரவு. ரயில் ஏறும்போது போனில் 13 டிக்கெட் இருந்தது. மொத்தம் 168 பவுண்டு 50 பென்ஸ். அதில் 9 காட்சிதான் பார்த்தேன். மீதி நான்கில் ஒன்றுக்கு மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். ஒன்றுக்குப் பாலத்தின் மேல் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று தொடங்கும் நேரத்தில் வேறொரு இருட்டறையில் மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசி ஒன்றுக்கு, அது முடிந்து ஐந்து மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். போன பணம் 50 பவுண்டு 50 பென்ஸ். நூறு ரூபாயால் பெருக்கினாலே ஊரில் அம்மாவின் ஒரு மாத மளிகைக் கணக்கு. பார்த்தே ஆக வேண்டிய காட்சிகள் என்று பட்டியல் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த ஊரில் எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் விருதுநகர். கோயில் கொடைக்கு விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பாயும் போர்வையுமாகப் போய்ப் பார்த்து வளர்ந்தவள். சென்னையில் படித்தபோது நவீன நாடகங்கள் கொஞ்சம் பார்த்தேன். அந்தப் பைத்தியம் அப்படியே ஒட்டிக்கொண்டது. எடின்பரோ மூன்று மணி நேரம் சொச்ச ரயில் தூரம்தான் என்று தெரிந்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "நாடகம் பாக்கவா லீவு போட்டுட்டு அவ்வளவு தூரம் போற? அதுவும் ஒத்தையாவா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான் என்று இரண்டாம் நாள் ராத்திரி தோன்றியது.

தங்குமிடத்தில் செய்த தப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசியில்தான் அறை தேடினேன். கிடைத்தது நான்கு இரவுக்கு 436 பவுண்டு, குளியலறை பொது, ஜன்னலுக்கு எதிரே சுவர். ஆகஸ்ட்டில் அந்த ஊரில் அறை வாடகை பல மடங்கு ஏறும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் கேட்டிருந்தேன், ஏனோ அது மற்றவர்களுக்கான சேதி என்று நினைத்துக்கொண்டேன். பிப்ரவரி, மார்ச்சிலேயே பார்த்துவிடுங்கள். கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதி அறைகளையும் வாடகைக்கு விடுகிறார்கள், தனி ஆளுக்கு அது தோது. இராத்தங்கல் கிளாஸ்கோவில் என்று வைத்துக்கொண்டால் செலவு குறையலாம், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஆனால் கடைசி ரயிலைப் பிடிக்க ராத்திரிக் காட்சிகளை விட வேண்டியிருக்கும்.

இனி பட்டியல். ஜூலையில் ஒரு வாரம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட சிபாரிசுகளையெல்லாம் சேர்த்து எக்செல் ஷீட் போட்டேன். மூன்று பட்டியலில் ஒரே பெயர் வந்தால் பச்சை நிறம், இரண்டில் வந்தால் மஞ்சள். பச்சை அத்தனைக்கும் டிக்கெட் எடுத்தேன். ஒரு நாளைக்கு நான்கைந்து காட்சி என்று அடுக்கினேன். ஃபிரிஞ்சில் பெரும்பாலான காட்சிகள் ஒரு மணி நேரம்தான். விடிய விடிய உட்கார்ந்து பழகியவளுக்கு ஒரு மணி நேரம் ஒரு பொருட்டா என்று ஒரு தெனாவட்டு.

முதல் அடி முதல் நாளே விழுந்தது. இரண்டரை மணிக் காட்சிக்கு இரண்டேகாலுக்கே ஜார்ஜ் ஸ்கொயரில் போய் நின்றேன். புல்வெளி, பெரிய கூடாரம், சாப்பாட்டுக் கடைகள், ஏகப்பட்ட கூட்டம். டிக்கெட்டைக் காட்டினேன். வாசலில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்த இரக்கத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. என் காட்சி ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில். அது ஊரின் மறுபாதியில், புது நகரத்தில் இருக்கிறது. நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். நடுவே ஒரு மேடும் ஒரு பள்ளமும் ஆகஸ்ட் கூட்டமும். ஒரே நிறுவனம் இரண்டு இடத்திலும் அரங்குகள் நடத்துகிறது, முகவரியின் கடைசி வார்த்தையை நான் படிக்கவில்லை. ஓடினேன். ஆறு நிமிடம் தாமதமாகப் போனேன், கதவு சாத்தியாகிவிட்டது. 14 பவுண்டு 50. (ஜார்ஜ் ஸ்ட்ரீட் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். ஸ்கொயரோ அதைக் கட்டியவருடைய அண்ணன் தம்பி யாரோ ஒரு ஜார்ஜாம். என் பணத்தைத் தின்றது மன்னர் வீட்டு ஜார்ஜ்கூட இல்லை என்பதில் தனி வருத்தம்.)

தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள் என்பதை மனதில் நன்றாக ஏற்றிக்கொள்ளுங்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பல அரங்குகள் வருடம் முழுக்க அரங்குகளே இல்லை. வகுப்பறை, சர்ச் கூடம், மதுக்கடை மாடி, நிலவறை என்று கிடைத்த இடத்தில் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். ஐம்பது நாற்காலி இருக்கும், கதவைத் திறந்தால் நடிகரின் முதுகில் இடிக்கும். ஒரு காட்சி முடிந்து கால் மணி நேரத்தில் அடுத்த குழு வந்து தன் மேஜை நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் கறாராகத்தான் இருப்பார்கள். ஆனால் அதே நெருக்கடியில் ஒரு காட்சி பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் அடிபடுவது நாம். அன்று ராத்திரி அதுதான் நடந்தது. விளக்கில் ஏதோ கோளாறு, பன்னிரண்டு நிமிடம் தாமதம். அடுத்த காட்சிக்கு நான் விட்டிருந்த இடைவெளி இருபது நிமிடம். இருட்டில் கையைத் திருப்பித் திருப்பி மணி பார்த்ததில் நடந்துகொண்டிருந்த நாடகமும் மனதில் ஏறவில்லை, அடுத்ததும் போனது. 13 பவுண்டு. ஒரே கட்டடத்துக்குள் என்றால் அரை மணி இடைவெளி போதும். வேறு இடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். பழைய நகரத்தின் பெரிய தெருவான ராயல் மைல் வழியாக நடக்கும் நேரத்தை, வரைபடம் சொல்வதைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தை காட்டுபவரைச் சுற்றி நிற்கும் கூட்டம் வரைபடத்துக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் பாலம். எடின்பரோவின் பழைய நகரம் இரண்டு அடுக்கு. கௌகேட் என்ற தெரு அடியில் ஓடுகிறது, ஜார்ஜ் தி ஃபோர்த் பிரிட்ஜ் (இன்னொரு ஜார்ஜ்!) அதற்கு மேலே குறுக்காகப் போகிறது. மேலே நடக்கும்போது பாலம் என்றே தெரியாது, இரண்டு பக்கமும் கட்டடங்கள். போன் வரைபடத்தில் நீலப் புள்ளி அரங்கின் தலைமேலேயே நிற்கிறது, சுற்றிப் பார்த்தால் அரங்கைக் காணோம். ஒரு கைப்பிடிச் சுவர் ஓரம் எட்டிப் பார்த்தேன். மூன்று மாடி ஆழத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. என் வரிசை. நான் பார்க்கும்போதே உள்ளே நகரவும் தொடங்கியது. கேண்டில்மேக்கர் ரோ வழியாகச் சரிவில் இறங்கிச் சுற்றிப் போவதற்குள் முடிந்துவிட்டது. 12 பவுண்டு. வரைபடத்தில் இரண்டு தெரு வெட்டிக்கொள்வதுபோல் தெரிந்தால் அந்த ஊரில் நம்பக் கூடாது. வந்திறங்கியதும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, டிக்கெட் எடுத்த அரங்குகளின் வாசல்வரை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு 26 பவுண்டு 50 மிச்சம் பண்ணியிருக்கும்.

தவறவிட்டதற்குக்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பார்த்தும் வயிறெரிந்தவை இரண்டு. ஒன்று, ஊர் முழுக்கச் சுவரொட்டியில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்த கேலி இசை நாடகம், 15 பவுண்டு. இருபதாவது நிமிடத்தில் வெளியே போக நினைத்தேன், ஆனால் வெளியே போகும் வழி மேடையைக் கடந்துதான். மறுநாள் அதே சுவரொட்டியைக் கிட்டே போய்ப் படித்தேன். நட்சத்திரங்களுக்குக் கீழே எறும்பு எழுத்தில் இருந்த ஆண்டு மூன்று வருடம் பழையது. அந்தக் குழுவின் வேறொரு நாடகத்துக்குக் கிடைத்த நட்சத்திரம். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் எனக்கு எரிந்தது எரிந்ததுதான். நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எப்போது என்று பாருங்கள். தி ஸ்காட்ஸ்மன் பத்திரிகை 1973 முதல் புதிய நாடக எழுத்துக்கு ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் என்று ஒரு விருது தருகிறது, விழா நடக்கும்போதே வாராவாரம் அறிவிப்பார்கள். என் ரசனைக்கு அது ஓரளவு ஒத்துவந்தது. ஆனால் அறிவித்த அன்றே டிக்கெட் பறந்துவிடும்.

இன்னொன்று ஸ்டாண்ட்-அப். தனியாக வந்தவள் என்பதால் முன்வரிசையில் காலியாக இருந்த ஒற்றை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார் அந்த நகைச்சுவையாளர். இந்தியா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், விருதுநகர் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த ஐந்து நிமிடம் நூறு பேர் சேர்ந்து விருதுநகரைச் சொல்லிப் பழகினார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை, கூட்டமும் நல்ல கூட்டம்தான். ஆனால் மீதி நேரம் முழுக்க அவர் சொன்ன பிரிட்டிஷ் டி.வி. சங்கதிகள் ஒன்றும் எனக்குப் பிடிபடாமல், சிரிப்பதுபோல் வாயை விரித்துக்கொண்டே இருந்ததில் தாடை வலித்தது. மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. யார் எங்கே உட்காரச் சொன்னாலும் மூன்றாவது வரிசை, ஓரம். அன்று ராத்திரி ஒரு உடலசைவு நாடகத்துக்கும் போனேன், நன்றாகத்தான் இருந்திருக்கும். அது அன்றைக்கு ஐந்தாவது. பத்தாவது நிமிடத்தில் தூங்கி, கைதட்டலில் விழித்தேன். கோயில் கொடையில் தூங்கினால் பாட்டி தட்டி எழுப்புவாள், இங்கே யார் இருக்கிறார்கள்? அறைக்குத் திரும்பும்போது மழை. காற்றில் குடை மடங்கி உள்வெளியானது. ஈரச் சாக்ஸோடு கட்டிலில் உட்கார்ந்து, எதற்கு இப்படி ஓடுகிறேன் என்று கொஞ்ச நேரம் அழுதேன். தனியாகப் போனதில் உண்மையான கஷ்டம் அதுதான். நாடகம் மோசம் என்றால் சேர்ந்து திட்ட ஆள் இல்லை, நல்லது என்றால் "பாத்தியா அந்த இடத்த" என்று சொல்லவும் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் டிராவர்ஸ் அரங்கு. 1963-இல் தொடங்கியது, புதிய நாடகங்களுக்குப் பேர் போன இடம், வருடம் முழுக்க இயங்குவது. மற்ற இடங்களில் ஒரு காட்சி தினமும் ஒரே நேரத்தில் நடக்கும். இங்கே விழாக் காலத்தில் நாளுக்கு நாள் நேரம் மாறும். இன்று காலை பத்து மணிக்கு என்றால் நாளை மாலையில் இருக்கலாம். டிக்கெட்டில் தெளிவாகப் போட்டிருந்தது. நான்தான் டிக்கெட்டைப் பார்க்காமல் என் எக்செல்லை நம்பி, காலையில் முடிந்துபோன நாடகத்துக்கு மாலை நான்கரைக்குப் போய் நின்றேன். 11 பவுண்டு. அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. தரைக்குக் கீழே இருக்கும் அவர்களுடைய உணவகத்தில் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து மேஜையில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஃபைஃப் பக்கம் ஒரு சிற்றூராம், வருடாவருடம் ரயிலில் வந்து பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புவாராம். என் கதையைக் கேட்டுவிட்டு, பட்டியலைக் காட்டச் சொன்னார். பச்சையும் மஞ்சளுமாக இருந்ததை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதை எந்த மாதம் எழுதினார்கள்? ஜூலை என்றேன். ஜூலையில் இந்த நாடகங்களில் பாதி ஒத்திகையில்கூட முடிந்திருக்காது, எழுதியவர்கள் யாரும் பார்த்துவிட்டு எழுதவில்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. விழாவுக்கு முன்னால் வரும் சிபாரிசெல்லாம் குழுவின் பழைய பேரையும் அவர்களே அனுப்பும் செய்திக் குறிப்பையும் வைத்துப் போடும் ஊகம். ஒரே குறிப்பு மூன்று பேருக்குப் போயிருந்தால் மூன்று பட்டியலிலும் அந்தப் பெயர் வரும். நான் அதற்குப் பச்சை அடித்துவைத்திருந்தேன்.

அவர்தான் அப்புறம் பொறுமையாகச் சொன்னார். 1947-இல் இங்கே சர்வதேசக் கலை விழா தொடங்கியபோது அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து ஓரமாக நடித்தன, அந்த ஓரம்தான் ஃபிரிஞ்ச். இன்றைக்கும் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இடமும் பணமும் ஏற்பாடு பண்ணிக்கொண்டால் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். இப்போது மூவாயிரத்துக்கு மேல் காட்சிகள். இதெல்லாம் நானும் படித்ததுதான். ஆனால் யாரும் வடிகட்டாத இடத்தில் 'சிறந்தது' என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய சிறந்தது மட்டுமே என்பது அந்த மேஜையில்தான் உறைத்தது. அவர் எனக்கு எதையும் சிபாரிசு செய்யவில்லை. முதலில், வந்ததிலிருந்து பார்த்ததில் உனக்கு எது பிடித்தது, ஏன் என்று கேட்டார். சம்மர்ஹாலில் பார்த்த ஒரு நாடகத்தைச் சொன்னேன். பழைய கால்நடை மருத்துவக் கல்லூரிக் கட்டடம் அது. உடற்கூறு வகுப்பு நடந்த கூடத்தில், செங்குத்தான மர பெஞ்சுகளில் உட்கார்ந்து, கீழே ஒரே ஒருவர் நின்று கதை சொல்வதைப் பார்த்தேன். அலங்காரம் எதுவும் இல்லை, அதனாலேயே பிடித்தது என்றேன். நோட்டைப் புரட்டி, மறுநாள் காலை பதினொன்றுக்கு ஒரு மதுக்கடை மாடியில் நடக்கும் காட்சியின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். என் எக்செல்லில் அது எந்த நிறத்திலும் இல்லை.

அது டிக்கெட் இல்லாக் காட்சி. ஃபிரிஞ்சில் இப்படி நிறைய உண்டு. இருபது நிமிடம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும், முடிந்து வெளியே வரும்போது வாளியில் நம்மால் ஆனதைப் போட வேண்டும். மாடியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். நடுவயதுப் பெண் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாகச் சுருண்டு இறங்கும். அப்பா இறந்த இடம் வரும்போது மட்டும் கத்தி நின்றது, பேச்சு நிற்கவில்லை. சீவிய கிழங்கை இரண்டாக நறுக்கித் தண்ணீரில் போடும் 'ளக்' சத்தம் அந்த அறையில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. ஐம்பது நிமிடம். ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை. முடிந்ததும் அவரே வாளியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார், கையில் கிழங்கு மாவு இன்னும் காயவில்லை. என்னிடம் சில்லறையே இல்லை. கார்டு தட்டும் கருவி வைத்திருந்தார், பத்து பவுண்டு தட்டினேன். இங்கே நடிக்க வருபவர்களில் பெரும்பாலோர் கைக்காசு போட்டுத்தான் வருகிறார்கள். கொஞ்சம் நோட்டாக எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள், கருவி இல்லாதவர்களும் உண்டு.

மீதி நேரத்தில் கையிலிருந்த டிக்கெட்டுகளுக்குப் போனேன், இடையில் வேறு முறையில் தேடினேன். ராயல் மைலில் நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் முதல் இரண்டு நாள் தலையைக் குனிந்து தப்பி ஓடியவள், இப்போது நின்று, நீங்கள் இதில் நடிக்கிறீர்களா என்று கேட்டேன். பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். நடிப்பவர் தன் நாடகத்தைப் பற்றி அரை நிமிடம் பேசினாலே நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடுகிறது. பிரமாதம், சூப்பர் என்று மட்டுமே சொல்பவரிடம் நோட்டீஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன். வரிசையில் முன்னால் நிற்பவரிடம் இன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அங்கே அது நம்மூரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தனியாகப் போனதன் லாபமும் அப்போதுதான் தெரிந்தது. டிக்கெட் தீர்ந்துபோன காட்சிக்கும் கடைசி நிமிடத்தில் ஒற்றை நாற்காலி ஒன்று பல நேரம் மிஞ்சும். இரண்டு காட்சி அப்படிக் கிடைத்தது.

போகிறவர்களுக்கு இன்னும் சில்லறை விஷயங்கள். நாளைக்கு மூன்று போதும், நான்காவது ஆசை, ஐந்தாவது தூக்கம். தொடக்க நாட்களின் முன்னோட்டக் காட்சிகள் விலை குறைவு, ஆனால் விமர்சனம் எதுவும் வந்திருக்காது. இரண்டாம் வாரம் போனால் பார்த்தவர்களிடம் கேட்கலாம். பல குழுக்கள் நடுவில் ஒரு நாள் விடுமுறை எடுக்கும், உங்கள் நாள் அதுவா என்று பாருங்கள். குடை வேண்டாம், தலைமூடி வைத்த மழைக்கோட்டு, இரண்டு ஜோடி சாக்ஸ். நிக்கல்சன் ஸ்கொயர் பக்கம் சோறும் குழம்பும் கிடைக்கிறது, ருசி நம்மூர் மாதிரி இருக்காது, வயிறு நிறையும்.

இந்த ஆகஸ்ட்டுக்கு அறையைப் பிப்ரவரியிலேயே போட்டுவிட்டேன், குளியலறை இந்த முறையும் பொதுதான். டிக்கெட் ஐந்துதான் எடுத்திருக்கிறேன், அதில் ஒன்று டிராவர்ஸ். வியாழக்கிழமை, காலை பத்து மணி. இதை எழுதும்போது டிக்கெட்டைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.